பூச்சியைக் கொல்லும் பூஞ்சையைத் தூங்கவைப்பது எப்படி?

பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சை நன்றாக வளர்ந்த ஒரு பெட்ரி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்கக் கரும்பச்சைப் பொடி பூசினாற்போல் இருக்கும். அதே பூஞ்சையை மாதாமாதம் தட்டு மாற்றி வளர்த்துக்கொண்டே போனால், ஒரு நாள் அந்தப் பச்சைக்கு நடுவே வெள்ளையாக, பஞ்சு போல, ஒரு பட்டை விசிறியாக விரிந்திருக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது வேறு ஏதோ பூஞ்சை புகுந்துவிட்டது என்று தட்டையே தூக்கி எறிந்தேன். அடுத்தடுத்த தட்டுகளிலும் அதே பட்டை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதுவும் மெட்டாரைசியம்தான். வித்து, அதாவது பரவுவதற்கான அந்தப் பச்சைப் பொடி, உண்டாக்குவதை விட்டுவிட்டு இழையாக மட்டும் வளரப் பழகியிருந்தது.

இந்தத் துறையில் புதிதாக இறங்குகிறவர்கள் பூஞ்சை செத்துப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். உயிரோடு வைத்திருப்பது சுலபம். பூச்சியைக் கொல்லும் வீரியத்தோடு வைத்திருப்பதுதான் கஷ்டம்.

காரணம் அதன் பிழைப்பிலேயே இருக்கிறது. வித்து பூச்சியின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலில் உள்ள புரதத்தையும் கைட்டின் என்ற கெட்டிப்பொருளையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அங்கே பூச்சியின் எதிர்ப்பைச் சமாளித்துப் பெருகி, சில நாட்களில் அதைக் கொன்று, ஈரம் கிடைத்தால் வெளியே வந்து புது வித்துகளைப் பரப்புகிறது. தட்டில் இந்தப் பாடு எதுவும் படவேண்டாம். சர்க்கரையும் பெப்டோன் என்ற புரதச் சத்தும் காலடியில் கிடக்கின்றன. அங்கே எந்த இழை வேகமாகப் பரவுகிறதோ அதுதான் ஜெயிக்கும். ஒவ்வொரு மறுவளர்ப்பும் சோம்பேறிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்தல் மாதிரி. எத்தனை மறுவளர்ப்பில் வீரியம் குறையும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். சில ரகங்கள் பல தலைமுறை தாங்கும், சில நாலைந்திலேயே சோர்ந்துவிடும். ஆகவே கீழே சொல்லப்போகும் முறைகளை எல்லாம் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது பூஞ்சையின் வளர்ச்சியை எந்த அளவுக்கு நிறுத்துகிறது?

யாரைச் சேமிக்கிறோம்

பியூவேரியா பேசியானா, மெட்டாரைசியம் அனிசோப்ளியே, வெர்டிசிலியம் லெக்கானி என்ற பழைய பெயரிலேயே இன்னும் பலர் அழைக்கும் லெக்கானிசிலியம், ஐசாரியா ஃபூமோசோரோசியா, இவைதான் அதிகம் கையில் வருபவை. பட்டுப்புழுக்களைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக்கிக் கொல்லும் நோய்க்கு ஒரு பூஞ்சைதான் காரணம் என்று இத்தாலியரான அகோஸ்டினோ பாசி 1835இல் வெளியிட்டார். பேசியானா என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1879இல் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப் கோதுமை வண்டின் மீது பச்சைப் பூஞ்சையைச் சோதித்தார். அதுதான் இன்றைய மெட்டாரைசியம். இந்த வகைகள் எல்லாமே தட்டில் தாராளமாக வித்து கொடுப்பவை, சேமிக்கச் சுலபமானவை. எண்டமோஃப்தோரேல்ஸ் என்று இன்னொரு கூட்டம் உண்டு. அதன் கதை வேறு, கடைசியில் பார்க்கலாம்.

சேமிப்பதற்கு முன்

கெட்டதைப் பத்திரமாக வைத்தால் கெட்டதுதான் பத்திரமாக இருக்கும். அதனால் முதல் வேலை, பூஞ்சையை ஒருமுறை பூச்சி வழியாக அனுப்பி எடுப்பது. அது முதலில் கிடைத்த பூச்சியினமே கையில் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவோ மாவுப்புழுவோ போதும். மில்லிக்கு ஒரு கோடி வித்துகள் இருக்கும் கரைசலில் புழுவைச் சில விநாடிகள் முக்கி எடுத்து, வடிதாளில் ஈரம் ஒற்றி, 25 டிகிரியில் வையுங்கள். செத்த புழுவை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் அலசி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை கழுவி, ஈரமான வடிதாள் போட்ட தட்டில் மூடி வையுங்கள். மேல்தோலில் ஒட்டியிருக்கும் அந்நியப் பூஞ்சைகள் அலசலில் போய்விடும், உள்ளேயிருந்து வருவது நம்முடையது. முதலில் கால் மடிப்புகளிலும் உடல் வளையங்களின் இடுக்குகளிலும் வெள்ளை நூல் எட்டிப்பார்க்கும். மெட்டாரைசியம் என்றால் அந்த வெள்ளை சில நாளில் பச்சையாகும். அந்தப் பச்சை வந்த பிறகு, ஊசி முனையால் வித்தை மட்டும் தொட்டு எடுங்கள். புழுவின் உடலைக் குத்தினால் பாக்டீரியாவும் கூட வரும்.

எடுத்த வித்தை ஊடகத்தில், அதாவது வளர்ப்புக் கூழில், இட வேண்டும். ஒரு லிட்டருக்கு டெக்ஸ்ட்ரோஸ் 40 கிராம், பெப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 10 கிராம், அகார் 15 கிராம். ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி, 15 நிமிடம். இது பூஞ்சை வளர்க்கும் சபோராட் ஊடகத்தோடு ஈஸ்ட் சேர்ந்த வடிவம். பலர் அகாரைத் தவிர மற்றதைக் கால் பங்காகக் குறைத்துவிடுவார்கள், நானும் அப்படித்தான். பட்டினி கொஞ்சம் இருந்தால் பூஞ்சை இழையை வளர்ப்பதை விட்டு வித்து பக்கம் திரும்பும். முதல் தட்டில் பாக்டீரியாத் தொல்லை இருந்தால் குளோராம்ஃபெனிகால் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து சேர்க்கலாம், சேமிக்கப்போகும் தட்டில் வேண்டாம். அங்கே பாக்டீரியா இருந்தால் அது கண்ணில் படட்டும்.

நீர்த்த கரைசலைப் பரப்பி, தனியாக முளைத்த காலனி (திட்டு) ஒன்றை எடுத்து வளர்த்தால் தூய்மை உறுதி. ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று காலனிகளை எடுத்து வையுங்கள் என்பது என் யோசனை. ஒற்றை வித்திலிருந்து வந்தது எப்போதும் கூட்டத்தின் சராசரி வித்தாக இருந்துவிடாது. பெட்ரி தட்டில் 25 டிகிரியில் 10 முதல் 14 நாள் விட்டு, வித்து நன்றாக முற்றிய பிறகே சேமிப்புக்குப் போங்கள். அவசரப்பட்டு ஐந்தாம் நாளே எடுத்தால் உள்ளே பெரும்பாலும் இழைதான் இருக்கும். உலர்வதையும் உறைவதையும் தாங்குவது வித்து, இழை அந்த அளவு தாங்காது.

இரண்டு எச்சரிக்கை. வித்துப் பொடி மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஆகவே முகக்கவசம் வேண்டும். பட்டுப்புழு வளர்க்கும் இடத்துக்கோ தேனீப் பெட்டிக்கோ நேரே போவதாக இருந்தால், ஆய்வகத்தில் போட்ட உடையை மாற்றிவிட்டுப் போங்கள்.

குளிர்சாதனப் பெட்டி மட்டும் இருந்தால்

எல்லாரும் தொடங்குவது சாய்வுக் குழாயில்தான். அகார் சாய்வில் பூஞ்சையை வளர்த்து, மூடியைச் சுற்றி பாராஃபிலிம் என்ற மெழுகு நாடாவை ஒட்டி, 4 டிகிரியில் வைப்பது. மூன்று முதல் ஆறு மாதம் வரை வரும், அப்புறம் மறுவளர்ப்பு. அதாவது வருடத்துக்கு இரண்டு முதல் நான்கு தலைமுறை. நாம் தவிர்க்க நினைப்பதே அதுதானே? அன்றாட வேலைக்கு எடுக்கும் குழாயாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வின் மேல் பாரஃபின் எண்ணெய் ஊற்றினால் சில வருடம் வரை போகும். எண்ணெயை ஆட்டோகிளேவ் செய்தால் நீர் கலந்து பால் போலக் கலங்கும். பிறகு வெப்ப அடுப்பில் வைத்து, கண்ணாடி போலத் தெளியும் வரை ஈரத்தை ஓட்ட வேண்டும். ஊற்றும்போது சாய்வின் உச்சிக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். அகாரின் நுனி ஒரு நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் விளக்குத் திரி மாதிரி வேலை செய்து, உள்ளே இருக்கும் ஈரத்தை எல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிடும். இந்த முறையின் குறை, எண்ணெய்க்கு அடியிலும் பூஞ்சை மெல்ல வளர்ந்துகொண்டே இருப்பது. இன்னொரு பக்கம் பெரிய நன்மை ஒன்றும் உண்டு: மைட் என்ற நுண்பேன் நுழைய முடியாது.

பேனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூஞ்சையைத் தின்னும் மிகச் சிறிய பேன்கள் வளர்ப்பறையில் வந்துவிட்டால், ஒரு தட்டில் மேய்ந்து, காலிலும் உடம்பிலும் வித்தை ஒட்டிக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போகும். சுத்தமான அகாரின் மேல், தட்டின் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் நோக்கிப் புள்ளி புள்ளியாக வரிசையாய்க் காலனிகள் முளைத்திருந்தால் அது பேன் நடந்த தடம். கைத்தவறால் விழுந்த வித்து அப்படி வரிசை கட்டாது. நான் அதைக் கவனிக்கும்போது பியூவேரியா குழாய்களில் மெட்டாரைசியமும், மெட்டாரைசியம் குழாய்களில் பென்சிலியமும் ஏறியிருந்தன. இரண்டும் பச்சை என்பதால் பின்னதைக் கண்டுபிடிக்கவே வாரங்கள் ஆயின. அந்த வரிசையைப் பார்த்த அன்றே தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு, அலமாரியை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். தயங்கினால் மொத்தமும் போகும்.

எண்ணெயைவிட எளிய முறை ஒன்று உண்டு. இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1939இல் சொன்னது: வெறும் தண்ணீர். வித்து விட்ட காலனியின் ஓரத்தில் ஆறு மில்லிமீட்டர் வட்டத் துண்டுகளாக அகாரோடு வெட்டி, கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீர் உள்ள சிறு குப்பியில் ஐந்தாறு துண்டுகளைப் போட்டு இறுக மூடிவிட வேண்டியதுதான். தின்ன எதுவும் இல்லாததால் பூஞ்சை அடங்கிவிடும். 4 டிகிரியில் வைத்தால் நல்லது, அறை வெப்பத்திலும் நிற்கும். தேவைப்படும்போது ஒரு துண்டை எடுத்துப் புதுத் தட்டில் கவிழ்த்து வையுங்கள். இவ்வளவு மலிவாக வளர்ச்சியை நிறுத்தும் வழி வேறு இல்லை, ஆனாலும் ஏனோ இதை யாரும் மதிப்பதில்லை. மைனஸ் 80 டிகிரி ஆழ்உறை பெட்டி இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உலர்த்தி வைப்பது

வடிதாள் முறையைச் சொல்லிவிடுகிறேன். கிருமி நீக்கிய வடிதாள் துண்டுகளை அகாரின் மேல் பரப்பி, பூஞ்சையை அவற்றின்மேல் வளரவிட்டு, வித்து முற்றியதும் உரித்தெடுத்து, சுத்தமான காலித் தட்டில் உலர்த்தி, சிறிய உறைகளில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொருளோடு சேர்த்து மூடி உறைநிலையில் வைப்பது. எடுப்பதும் சுலபம், ஒரு துண்டைக் கிள்ளி அகாரில் வைத்தால் போதும்.

ஈரம் உறிஞ்சும் குருணையான சிலிக்கா ஜெல் முறைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கற்றுக்கொள்ளத் தகுந்தது. நிறம் மாறும் வகை வேண்டாம், வெள்ளைக் குருணையை வாங்குங்கள். கண்ணாடிக் குழாயில் பாதிக்கும் குறைவாக நிரப்பி, வெப்ப அடுப்பில் 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கொழுப்பு நீக்கிய பால் பொடியை 10 சதவீதமாகக் கரைத்து, 115 டிகிரியில் பத்து நிமிடம் மட்டும் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் பால் கருகிப் பழுப்பாகிவிடும். ஆறிய பாலில் வித்தைக் கலந்து, பாலையும் ஜெல் குழாயையும் பனிக்கட்டித் தொட்டியில் நன்றாகக் குளிரவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். உலர்ந்த சிலிக்கா நீரை உறிஞ்சும்போது சூடு கிளம்பும். குழாயைக் கையில் பிடித்தாலே அந்தச் சூடு தெரியும். குளிரவைக்காமல் ஊற்றினால் வித்துகள் அங்கேயே வெந்துவிடும். முக்கால் பங்கு குருணை நனையும் அளவுக்குத் துளித்துளியாக விட்டு, குழாயை உருட்டிக் குலுக்கி, இன்னும் அரை மணி நேரம் பனியிலேயே வையுங்கள். பிறகு மூடியைத் தளர்த்தி அறை வெப்பத்தில் ஒரு வாரம். குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கலகலவென்று உருண்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான்கைந்து குருணைகளை அகாரில் தூவிப் பாருங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் காலனி வந்தால், மூடியை இறுக்கி 4 டிகிரியில் வைத்துவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, ஒரே குழாயைப் பல முறை திறந்து, ஒவ்வொரு முறையும் சில குருணைகளை மட்டும் உதிர்த்துக்கொள்ளலாம் என்பது. மீதி தூக்கம் கலையாமல் அப்படியே இருக்கும்.

மைனஸ் 80இல் வைப்பது

ஆழ்உறை பெட்டி கிடைக்கும் என்றால் மூலச் சேமிப்பு இங்கேதான் இருக்க வேண்டும். வித்து முற்றிய தட்டின் மேல் 10 சதவீத கிளிசரால் கரைசலை ஊற்றி, வளைந்த கண்ணாடிக் கோலால் மெல்லத் தேய்த்து வித்தைக் கலக்குங்கள். பியூவேரியா, மெட்டாரைசியம் வித்துகள் நீரை வெறுப்பவை, கரைசலின் மேல் தூசு போல மிதந்துகொண்டிருக்கும். சோப்பு போல வேலை செய்யும் ட்வீன் 80ஐ 0.05 சதவீதம் சேர்த்தால் இறங்கிக் கலக்கும். லெக்கானிசிலியம் வித்துகள் கோந்து போன்ற துளிக்குள் இருப்பவை, அவை தாமாகவே நீரில் கலக்கும். மில்லிக்கு ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடி வரை எண்ணிக்கை இருக்கட்டும்.

ஒரு மில்லி வீதம் திருகு மூடிக் குப்பிகளில் பிரியுங்கள். பெரிய குப்பி ஒன்றுக்குப் பதில் சிறிய குப்பிகள் இருபது. உருகவைத்த குப்பியைத் திரும்ப உறையவைக்கக் கூடாது, ஒரு குப்பி ஒரே தடவைக்குத்தான். வேகமாக உறைந்தால் உயிரணுவுக்குள்ளேயே பனி ஊசிகள் உண்டாகும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கினால் நீர் வெளியேற நேரம் கிடைக்கும். ஐசோபுரோபனால் என்ற ஆல்கஹால் ஊற்றிய சிறு உறைகலத்தில் குப்பிகளை அடுக்கி மைனஸ் 80இல் ஓரிரவு வைத்தால் அந்த வேகம் தானாகக் கிடைத்துவிடும். மறுநாள் நிரந்தரப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

வீட்டு உறைபெட்டிகளில் பனி படியாமல் தானே உருக்கிக்கொள்ளும் வகையை மட்டும் நம்பாதீர்கள். அது அவ்வப்போது உள்ளே சூடேற்றித்தான் பனியை நீக்குகிறது. நம் குப்பிக்கு ஒவ்வொரு முறையும் அரைகுறை உருக்கம்.

திரவ நைட்ரஜனும், உறையவைத்து உலர்த்தலும் பெரிய சேகரிப்பு மையங்களின் வழி. உறைந்து உலர்த்திய கண்ணாடிக் குமிழ் பல பத்தாண்டுகள் தாங்கும், தபாலிலும் அனுப்பலாம். நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் காலமே நின்றதுபோல்தான். வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் ரகத்தை அங்கே ஒரு பிரதி ஒப்படையுங்கள். நீங்களே நைட்ரஜனைக் கையாள்வதானால் முகம் முழுக்க மறைக்கும் கவசமும் தடித்த கையுறையும் காற்றோட்டமான அறையும் கட்டாயம். திரவம் புகுந்த குப்பி வெளியே எடுத்ததும் வெடிக்கக்கூடும்.

எழுப்பிப் பார்ப்பது

மைனஸ் 80 குப்பியை 37 டிகிரி நீரில் ஆட்டிக்கொண்டே விரைவாக உருக்க வேண்டும். உறைவது மெதுவாக, உருகுவது வேகமாக என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த வித்துப் பொடிக்கு வேறு பக்குவம். காய்ந்த வித்தை நேரே குளிர்ந்த நீரில் போட்டால் நீர் வெள்ளம் போல உள்ளே பாய்ந்து சவ்வு கிழிந்துவிடும். பொடியை ஈரக்காற்று நிறைந்த மூடிய பெட்டியில் ஓரிரவு வைத்து, அது மெல்ல ஈரம் இழுத்த பிறகு நீரில் கலக்குங்கள். நல்ல வித்தையே செத்தது என்று முடிவுகட்டிப் பலர் குப்பையில் கொட்டியிருப்பார்கள், இது தெரியாமல்.

அடுத்து முளைப்புச் சோதனை. நீர்த்த கரைசலை அகாரில் பரப்பி, 25 டிகிரியில் சுமார் 20 மணி நேரம் விட்டு, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் 300 வித்துகளை எண்ணுங்கள். வித்தின் அகலத்தைவிட நீளமான முளைக்குழாய் இருந்தால் முளைத்தது, இல்லையென்றால் இல்லை. சேமித்த நாளில் இருந்த சதவீதத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதால் அன்றே ஒருமுறை எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும்.

முளைப்பதாலேயே கொல்லும் என்று ஆகிவிடாது. தொடக்கத்தில் சொன்ன வெள்ளைப் பட்டையும் தட்டில் நன்றாகத்தான் வளர்ந்தது. பத்துப் பத்துப் புழுவாக மூன்று கூட்டத்தை மில்லிக்கு ஒரு கோடி வித்துள்ள கரைசலில் முக்கி, இன்னொரு மூன்று கூட்டத்தை வெறும் ட்வீன் நீரில் முக்கி, தினமும் எத்தனை செத்தது என்று எண்ணுங்கள். வெறும் நீரில் முக்கியதிலேயே ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் புழுக்கள் ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவை, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். செத்தவற்றை ஈரப்பெட்டியில் வைத்து, நம் பூஞ்சைதான் வெளிவருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடம்பிடிக்கும் கூட்டம்

எண்டமோஃப்தோரேல்ஸ் வகையைச் சேர்ந்த பண்டோரா, சூஃப்தோரா, எண்டமோஃபாகா ஆகியவை வித்தைத் துப்பாக்கி போல் எறியும். எறியப்பட்ட வித்துக்கு ஆயுள் குறைவு, உலர்த்தலைத் தாங்காது. ஆகவே சிலிக்கா ஜெல்லும் உறையவைத்து உலர்த்தலும் இவற்றுக்கு ஒத்துவராது. பலவற்றுக்கு முட்டை மஞ்சள் கரு, பால் சேர்ந்த ஊடகம் வேண்டும், சிலவற்றுக்கு அதுவும் போதாது. திரவ நைட்ரஜன்தான் இவற்றுக்கு நம்பகமான இடம். முதல் முயற்சியாக இதில் இறங்காதீர்கள். பியூவேரியாவில் கை படிந்த பிறகு வாருங்கள்.

குப்பியின் மேல் என்ன எழுதுவது

ரகத்தின் எண், எந்தப் பூச்சியிலிருந்து எடுத்தது, எங்கே, எந்த நாள், சேமித்த நாள், அப்புறம் மிக முக்கியமாகப் பூச்சியை விட்டு வந்த பிறகு எத்தனையாவது மறுவளர்ப்பு. இந்தக் கடைசி எண்ணை எழுதாதவர்கள்தான் அதிகம், பிறகு வீரியம் ஏன் போனது என்று தேடுவதும் அவர்கள்தான். சாதாரண மார்க்கர் மையில் எழுதாதீர்கள். ஒருமுறை ஆல்கஹால் தெளித்துத் துடைத்த கையோடு பதினாறு குப்பிகளின் பெயரையும் துடைத்துவிட்டு நின்றிருக்கிறேன். பென்சில், அல்லது உறைகுளிர் தாங்கும் ஒட்டுத்தாள். அதே விவரம் ஒரு நோட்டிலும்.

இருபது குப்பிகளில் பத்தை மூலச் சேமிப்பு என்று ஒதுக்கித் தொடாமல் வையுங்கள். மீதிப் பத்தில் ஒன்றை உருக்கி, அதிலிருந்து சாய்வுக் குழாய்கள் செய்து, அந்த வருட வேலையை அவற்றிலேயே ஓட்டுங்கள். குழாய் தீர்ந்தால் பழைய குழாயிலிருந்து மறுவளர்ப்பு செய்யாமல் இன்னொரு குப்பியை உருக்குங்கள். அத்தோடு தண்ணீர்க் குப்பிகள் சிலவற்றை வேறொரு கட்டடத்தில் வைத்துவிடுங்கள். ஆழ்உறை பெட்டியின் மோட்டார் எப்போதும் விடுமுறை நாளில்தான் நிற்கும்.